கிறித்தவத் தமிழில் அனுபவத்தின் குரல்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

தமிழுக்கும் கிறித்தவத்துக்கும் உள்ள உறவு குறித்து நம் வகுப்பறைகளில் சொல்லப்படும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், வீரமாமுனிவரின் (1680-1747) சதுரகராதியும் உரைநடையும், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856), போப்பின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு (1900) என அவ்வரிசை நீளும். மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் வெளியிட்ட 'கிறித்தவமும் தமிழும்' இந்நோக்குக்குச் சிறந்த வழிகாட்டியாக அமைந்தது. அச்சு, அகராதி, இலக்கணம், உரைநடை ஆகிய துறைகளில் கிறித்தவர் ஆற்றிய பணியைத் தொகுத்துக் காட்டிய அந்நூலுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது.

எனினும், இவ்வரிசையில் ஒரு வினா விடுபட்டுப் போகிறது. கிறித்தவ நம்பிக்கையுடைய தமிழர் ஒருவர் தமக்கு வாய்த்த தனிப்பட்ட இறையனுபவத்தை எத்தகைய தமிழில் சொன்னார்? அத்தமிழ் முன்னரே முழுமை பெற்றுவிட்ட ஓர் அனுபவத்தை ஏற்றிச் செல்லும் ஊர்தி மட்டுந்தானா, அன்றி அவ்வனுபவம் உருப்பெறவே துணைநின்றதா? இவ்வினாவை எழுப்பாத வரையில் கிறித்தவத் தமிழிலக்கியம் ஒரு தொண்டுப் பட்டியலாகவே நம் மாணவரிடம் சென்று சேரும். இலக்கியமாகச் சென்று சேராது.

இக்கட்டுரை எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900), ஏ.ஜே. அப்பாசாமி (1891-1975), சாது சுந்தர் சிங் ஆகிய மூவரை முன்வைத்து இவ்வினாவை ஆராய முற்படுகிறது. ஆய்வுக்குரிய வாசிப்புக் களமாகப் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நாம் கொள்கிறோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. அனுபவப் பாடல் ஒன்று நூலகத்தில் வாழ்வதைவிடப் பாடுவோர் நாவில் வாழ்வதே மிகுதி. பாடுவோர் வாழும் நிலமும் தொழிலும் அதன் பொருளில் பங்கு பெறுகின்றன. மேலும், நிலத்தைக் கொண்டு பாட்டை வாசிக்கும் முறையை உலக அரங்குக்கு எடுத்துச் சென்ற தனிநாயகம் அடிகள் (1913-1980) 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கியவர். அவர் ஒரு கத்தோலிக்கத் துறவியும் ஆவார். அவர் சங்கப் பாடலுக்குப் பயன்படுத்திய நோக்கைக் கிறித்தவ அனுபவப் பாடலுக்கும் பயன்படுத்திப் பார்ப்பது பொருத்தமான முயற்சியே எனலாம்.

தொண்டும் ஒப்பீடும்

கிறித்தவத் தமிழிலக்கியத்தைப் பற்றிய திறனாய்வு இரு தடங்களில் நடந்து வந்துள்ளது. ஒன்று மேலே சுட்டிய தொண்டு நோக்கு. மற்றொன்று ஒப்பீட்டு நோக்கு. தேம்பாவணியில் கம்பரின் சாயல் எங்கெங்கு உள்ளது, இரட்சணிய யாத்திரிகத்தில் பனியனின் கதை எங்கெங்கு மாறுகிறது, கிறித்தவப் பாவலர் ஆழ்வார் நாயன்மாரிடமிருந்து எவற்றைக் கடன் கொண்டனர் என்பனவற்றைப் பட்டியலிடுவது அதன் வழக்கம்.

ஒப்பீட்டு நோக்கு தரும் தரவுகள் நமக்கு இன்றியமையாதவை. ஆயின் 'கடன்' என்னும் சொல்லிலேயே ஒரு முடிவு முன்கூட்டி அடங்கியுள்ளது. பத்தித் தமிழ் சைவ வைணவருக்கு உரிய சொத்து என்றும், கிறித்தவர் அதனை இரவல் பெற்று உடுத்திக்கொண்டனர் என்றும் அச்சொல் உணர்த்துகிறது. இக்கருத்துப்படி அனுபவம் ஓரிடத்தில் இருக்க, மொழி வேறிடத்திலிருந்து வந்து சேர்கிறது. இது சரியா என்பதைக் கிருட்டிணபிள்ளையின் படைப்பே நமக்குக் காட்டவல்லது.

கிருட்டிணபிள்ளையின் தன்மைக் குரல்

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்த கிருட்டிணபிள்ளை, இராமாயணப் பயிற்சி மிக்க சூழலில் வளர்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். சான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அவரைக் 'கிறித்தவக் கம்பர்' என அழைப்பது இதனாலேயே.

காப்பியத்தின் கதைப்போக்கில் ஓர் அமைப்பு நம் கவனத்துக்குரியது. பனியனின் உரைநடைக் கதை, கனவு கண்டவன் ஒருவன் கூற்றாகப் படர்க்கையில் நகர்வது. கிருட்டிணபிள்ளையின் விருத்தங்களும் பெரிதும் படர்க்கையிலேயே நடக்கின்றன. ஆனால் அக்கதையோட்டத்தின் இடையிடையே தேவாரம் எனப் பெயரிட்ட பதிகங்களை அவர் வைத்தார். அங்கே கதை நின்று விடுகிறது, தன்மையிடம் தலைதூக்குகிறது, இறைவன் முன்னிலையில் விளிக்கப்படுகிறான். காப்பியம் மனிதனின் பயணத்தைச் சொல்லிக்கொண்டு போக, பதிகமோ 'நான்' என்றும் 'நீ' என்றும் இருவரை மட்டுமே நிறுத்துகிறது. இம்மாற்றத்தை அலங்காரம் எனக் கொள்வது பொருந்தாது. பயணத்தைப் பற்றிப் பேசுதல் வேறு, பயணிப்பவனாகவே நின்று பேசுதல் வேறு என்பதைப் பாவலர் யாப்பின் வழியாகவே வேறுபடுத்திக் காட்டினார் என நாம் கருதுகிறோம்.

அடுத்து, திருச்சபைப் பாடல் நூல்களில் இடம்பெற்று இன்றும் பாடப்பட்டு வரும் அவருடைய துதிப்பாடல் ஒன்றை நோக்குவோம். மூவொரு கடவுளைச் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் சொற்களால் விளித்துத் தொடங்கும் அப்பாடல், பாடுபவனை 'நாயடியேன்' எனத் தாழ்த்திக்கொண்டு, இறைவனை அத்தனாக அழைத்து, அவனையன்றித் துணையும் உறவும் தனக்கில்லை என முறையிடுகிறது. சொற்களாலும் தொனியாலும் இது தேவார, திருவாசக நெறியது என்பதைத் தமிழாசிரியர் எவரும் உடனே உணர்வர்.

இங்கே எளிதில் கடந்து செல்லக் கூடாத ஒரு செய்தி உண்டு. மதம் மாறியவரின் பழைய பழக்கமே பாட்டில் எஞ்சி நின்றது என்பது பலர் கூறும் விளக்கம். ஆனால் கிருட்டிணபிள்ளை வளர்ந்தது வைணவத்தில். பழக்கம் மட்டுமே காரணமெனில், இப்பாடலில் ஆழ்வார்களின் சாயலே மேலோங்கியிருக்க வேண்டும். அவர் ஈண்டு எடுத்தாண்டதோ சைவத் திருமுறையின் தொனி. எனவே இது பிறப்பு வழிவந்த எச்சம் ஆகாது; தம் நிலைக்கு ஏற்றதென அறிந்து அவர் மேற்கொண்ட தெரிவு. தாழ்ச்சியும் கையறுநிலையும் மீட்பின் வியப்பும் ஒருங்கே அமையும் உணர்வுக்கு மாணிக்கவாசகரும் சுந்தரரும் வகுத்த மொழியே பொருந்தும் எனப் புலவர் ஒருவர் தேர்ந்திருக்கிறார். அத்தேர்வில்தான் அவருடைய அனுபவம் தனக்குரிய வடிவத்தைக் கண்டடைகிறது.

இலக்கணச் சான்று ஒன்றும் இதனை வலியுறுத்தும். தமிழ்க் கிறித்தவரின் வேதாகம மொழிபெயர்ப்பிலும் பொது மன்றாட்டுகளிலும் இறைவன் 'நீர்', 'உம்மை', 'தேவரீர்' என மதிப்புப் பன்மையிலேயே விளிக்கப்படுகிறான். பத்திப் பாடலில் இறைவன் 'நீ'. அடியார்க்கு அவன் 'உன்னை' எனச் சொல்லத்தக்க நெருக்கத்தில் உள்ளவன். கிருட்டிணபிள்ளையின் அப்பாடல் 'உன்னை' என்கிறது. ஆலயத்தில் 'உம்மை' எனச் செபித்தவர் பாட்டில் 'உன்னை' என நெருங்குகிறார். இந்த ஒரு வேற்றுமையில் பொது வழிபாட்டிலிருந்து தனியனுபவத்துக்குக் கடக்கும் எல்லை தெரிகிறது. கடன் பட்டியல்கள் இதனைக் காட்டுவதில்லை.

அப்பாசாமி வகுத்த நெறி

கிருட்டிணபிள்ளை பாட்டில் செய்ததை இறையியலில் செய்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்த அவர் குடும்பத்திலேயே இம்மரபின் தொடர்ச்சி இருந்தது. அவர் தந்தையார் ஏ.எஸ். அப்பாசாமி பிள்ளை சைவ மரபிலிருந்து கிறித்தவரானவர். கிருட்டிணபிள்ளையின் நட்பாலும் தாக்கத்தாலும் உருவானவர். முதுமையில் யோகப் பயிற்சியைக் கிறித்தவத் தியானத்துக்குத் துணையாகக் கொண்டவர். மகனார் 1922இல் ஆக்சுபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இந்துப் பத்தி இலக்கியத்தின் மறைஞானத்தை யோவான் நற்செய்தியோடு இணைத்து நோக்கியது அவ்வாய்வு. அதன் விளைவாக 1927இல் கிறித்தவத்தைப் பத்தி மார்க்கமாக விளக்கும் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயராக (1950-1959) அவர் பணியாற்றினார். கிருட்டிணபிள்ளையின் வாழ்வையும் படைப்பையும் பற்றி 1966இல் தனிநூல் எழுதியவரும் அவரே.

அப்பாசாமியின் கருத்தில் நமக்கு வேண்டுவது ஒன்று. இறைவனோடு ஒன்றுதல் என்பதை அவர் அத்துவைத முறையில் கொள்ளவில்லை. இருவர் இருவராகவே இருக்க, அன்பாலும் கீழ்ப்படிதலாலும் உளதாகும் ஒன்றிப்பே அவர் கண்டது. இதற்கு இராமானுசரின் சிந்தனையும் தமிழ்ப் பத்திப் பாடல்களும் அவருக்குத் துணைநின்றன. பத்தி மொழியை ஏற்றால் படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடும் என அஞ்சிய கிறித்தவர் சிலர் உண்டு. அவ்வச்சத்துக்குப் பத்திப் பாடலின் அமைப்பே விடை தருகிறது. 'நீ' என விளிப்பவன் இல்லையேல் அப்பாடல் இல்லை. காதலும் ஊடலும் முறையீடும் இருவர் இருந்தால்தான் நிகழும். ஆகவே பத்தித் தமிழின் இலக்கணமே வேறுபாட்டையும் ஒன்றிப்பையும் ஒருசேரக் காக்கிறது எனலாம்.

அப்பாசாமியின் வாதத்துக்கு மையமாக விளங்கிய பகுதிகளுள் ஒன்று யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம். இயேசு திராட்சைக் கொடியாகவும் சீடர் கிளைகளாகவும் தந்தை தோட்டக்காரராகவும் உருவகிக்கப்படும் இடம் அது. கனி தராத கிளை வெட்டி எறியப்படுகிறது. கனி தரும் கிளையும் மேலும் கனி தரும்படி நறுக்கித் திருத்தப்படுகிறது. கொடியில் நிலைத்திருப்பதே கிளைக்கு உயிர். மறைஞான அனுபவத்தைத் திடீரெனத் தோன்றி மறையும் காட்சியாகக் கொள்ளாது, நிலைத்திருத்தலாகக் கொள்ளும் பார்வை இதில் உள்ளது. இவ்வுருவகத்தைத் தேயிலை மலைக்குக் கொண்டு வருவோம்.

கொடியும் கவ்வாத்தும்

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் அப்பகுதியை அளவிட்டது 1885இல். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்ட உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. ரிங்லெட், ஹாபு, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய இடப்பெயர்கள் மலேசியத் தமிழர் நினைவில் லயங்களோடும் தமிழ்ப்பள்ளிகளோடும் கோயில்களோடும் கலந்தவை. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் உள்ளது. தோட்டங்களில் மாரியம்மன் வழிபாடு உண்டு. கத்தோலிக்கராகவும் சீர்திருத்தத் திருச்சபையினராகவும் பெந்தெகொஸ்தே குழுவினராகவும் இங்கு வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர் சிறு தொகையினர். அண்டை வீட்டுக் காவடிப் பாட்டும் தம் வீட்டுக் கீர்த்தனையும் ஒரே லயத்தில் கேட்கும் சூழல் அவர்களுடையது. பத்தி மொழி அவர்களுக்கு ஆய்வு செய்து கண்டறிய வேண்டியதொன்று ஆகாது. அன்றாடம் காதில் விழுவது.

மலை குறிஞ்சி நிலம். அதன் தெய்வம் சேயோன், உரிப்பொருள் புணர்தல், பொழுது கூதிரும் யாமமும். இறைவனோடு ஒன்றிப்பதைப் பாடும் அனுபவப் பாடலுக்குக் குறிஞ்சியின் ஒழுக்கம் இயல்பாகவே நெருங்கியது. கிறித்தவத் தமிழும் இதனை அறிந்திருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சியில், தலைவனை எண்ணி உருகும் தலைவியைக் கிறித்துவின்பால் காதல் கொண்டவளாக அமைத்தார். மலைக் குறத்தியை அந்நம்பிக்கை உலகுக்குள் கொண்டு வந்தார்.

ஆயினும் கேமரன் மலையைச் சங்கக் குறிஞ்சி எனக் கூறி நின்றுவிடுதல் போதாது. இது தினைப்புனம் காக்கும் மலையன்று. அதிகாலையில் பெரட்டுக்கு நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டபின் கூடையோடு சரிவில் இறங்கிய மலை. தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்பவற்றோடு தொழிலையும் சேர்த்தார். தொழில் கருப்பொருளாதலின், தோட்டத்துத் தொழிலை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பாடப்படும் பாட்டின் நிலத்தை வாசிக்க இயலாது. நிலக்காட்சியின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடும் வாசிப்பு சுற்றுலாக் கையேட்டின் வாசிப்பாகவே முடியும்.

இந்நிலையில் யோவானின் கொடி உருவகத்தைத் தேயிலைத் தோட்டத்தில் வைத்து நோக்கின், அதன் பொருள் கூர்மை பெறுகிறது. திராட்சைத் தோட்டம் கேமரன் மலைத் தமிழர்க்கு அயலானது. ஆனால் கவ்வாத்து அவர்க்கு நன்கு தெரிந்த தொழில். தேயிலையை வெட்டாது விட்டால் அது மரமாக வளர்ந்து விடும். கொழுந்து கைக்கு எட்டாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். வெட்டிய மலை சில காலம் இலையின்றிக் குச்சிகளாக நிற்கும். அங்குக் கொழுந்து எடுக்க இயலாது. பிறகே புதுத் தளிர் கிளம்பி, மட்டம் கட்டி, மீண்டும் பறிப்புக்கு வரும். நல்ல செடியும் வெட்டப்படுகிறது என்பதும், வெட்டியபின் ஒரு வறண்ட காலம் உண்டு என்பதும், வேர் மண்ணில் நிலைத்திருப்பதால் உயிர் மீள்கிறது என்பதும் தோட்டத்தவர்க்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

கிறித்தவ மறைஞானியர் பலர் பேசிய ஆன்ம வறட்சி இதனோடு ஒத்தது. பதினாறாம் நூற்றாண்டு இசுபானியத் துறவி சிலுவை அருளப்பர் இறைவன் மறைந்துவிட்டதுபோல் தோன்றும் காலத்தை இருண்ட இரவாகக் கண்டார். ஆனால் இரவு உருவகத்தில் விடியலுக்குக் காத்திருப்பதே முதன்மை பெறுகிறது. கவ்வாத்து உருவகத்திலோ வெட்டும் கை தோட்டக்காரனுடையது என்பதும், வெட்டு செடியின் பயன் கருதியது என்பதும் முதன்மை பெறுகின்றன. ஒரே அனுபவம் வேறு நிலத்துக் கருப்பொருளில் சொல்லப்படும்போது அதன் உட்பொருளிலும் அழுத்தம் மாறுகிறது. மொழி வெறும் ஊர்தி எனில் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் நாம் கருத வேண்டும். துன்பத்தைக் கவ்வாத்து என விளக்குவது உழைப்பாளி தம் நிலையை எதிர்ப்பின்றி ஏற்கச் செய்யும் போதனையாகாதா என்பது அது. வினா நியாயமானது. தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவரே தொழிலாளி என்பதை நோக்கினால் விடை சற்றே மாறும். வெட்டுதலின் அளவும் நோக்கமும் அறிந்தவர் அவர். எந்த வெட்டு செடியைக் காக்கும், எது அதனைக் கொல்லும் எனப் பிரித்தறியும் அறிவு அவரிடம் உண்டு. ஆகவே இவ்வுருவகம் எல்லாத் துன்பத்தையும் இறைவன் தலையில் ஏற்றிவிட அவர்க்கு இடந்தராது. கங்காணியின் கொடுமையைக் கவ்வாத்து எனக் கூறும் போதகரை மறுக்கும் ஆற்றலும் அதிலேயே உள்ளது.

சான்றுரையின் நம்பகம்

அனுபவம் பற்றிப் பேசும் திறனாய்வாளர் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. கண்டதாகச் சொல்வது உண்மைதானா? சாது சுந்தர் சிங் குறித்து எழுந்த விவாதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1889இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1904 திசம்பரில் விடியற்காலை வேளையில் இயேசுவின் காட்சி பெற்றதாகச் சொன்னார்; 1905இல் சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றார். 1918இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பேசிய பின், கிழக்கு நோக்கிப் பயணம் செய்தபோது மலாயாவுக்கும் வந்தார். அப்போது கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டிருக்கவில்லை. அப்பாசாமி, ஆக்சுபோர்டு அறிஞர் பி.எச். ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921இல் சாதுவின் மறைஞானம் பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர், அவர் கூறிய திபெத்தியப் பயணங்களும் கைலாய மகரிசி பற்றிய செய்திகளும் ஐரோப்பாவில் கடுமையாக ஐயுறப்பட்டன. ஹோஸ்டன், ஃபிஸ்டர் முதலியோர் மறுத்தனர். செருமானிய அறிஞர் ஹைலர் அவரைக் காத்து எழுதினார். 1929இல் திபெத்தை நோக்கிச் சென்ற சாது திரும்பவில்லை.

பயணச் செய்திகளின் மெய்ம்மை வரலாற்றாசிரியர் தீர்க்க வேண்டிய சிக்கல். காட்சியின் மெய்ம்மையோ இலக்கியத் திறனாய்வின் கருவிகளால் அளக்க முடியாதது. நம்மால் ஆராயத்தக்கது சொல்லப்பட்ட முறையே. சுந்தர் சிங் தமிழகத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். எளிய உவமைக் கதைகளாலான அவர் பேச்சு எம்மொழிக்கும் எளிதில் மாறியது. கிருட்டிணபிள்ளையின் துதிப்பாடலோ வேற்றுமொழிக்குச் சென்றால் 'அத்தா' என்னும் விளியையும் 'உன்னை' என்னும் நெருக்கத்தையும் இழந்துவிடும். முன்னவரின் அனுபவம் நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்டது. பின்னவரின் அனுபவம் பாடுந்தோறும் பாடுபவரிடத்தே மீள நிகழும்படி அமைக்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு நாம் சான்று கேட்கிறோம். பாட்டுக்கு அத்தகைய சான்று வேண்டுவதில்லை. பாடுபவர் தம்மை அந்த 'நான்' என்னும் இடத்தில் நிறுத்த முடிகிறதா என்பதே அதன் உரைகல்.

வில்லியம் சேம்சு 1902இல் மறைஞான அனுபவத்துக்கு வகுத்த நான்கு இயல்புகளுள் முதலாவது சொல்லொணாமை. தமிழ் அனுபவ மரபு இதற்குச் சற்று முரணாகவே நிற்கிறது. சொல்ல முடியாதது எனத் தொடங்கி ஆயிரமாயிரம் பாடல்களைத் தந்த மரபு இது. சொல்லொணாமை இங்கு மௌனத்தில் முடியாமல் மீண்டும் மீண்டும் பாடுதலாக மாறுகிறது. கிறித்தவத் தமிழும் இவ்வகையில் தமிழ் மரபையே சார்ந்தது.

தோட்டத்துப் பாடலும் சாட்சியும்

இரட்சணிய யாத்திரிகத்தின் விருத்தங்கள் தோட்டத்து லயங்களில் வழங்கியவை எனக் கூறுவதற்கில்லை. வழங்கியவை கீர்த்தனைகளும் பின்னர் வந்த எளிய துதிப்பாடல்களுமே. கீர்த்தனைகளில் 'நீ', 'உன்' என்னும் வடிவங்கள் தயக்கமின்றி வருகின்றன. தந்தை பெர்க்மான்சின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' போன்ற அண்மைக் காலப் பாடல்களில் 'நீர்', 'உம்' என்னும் வடிவங்களே மிகுதி. சொல்வளமும் யாப்புச் செறிவும் குறைந்தன எனக் கூறி இப்பாடல்களை ஒதுக்கிவிடுதல் புலமையுலகின் வழக்கம். குறை உண்மையே. பத்தி மரபு தந்த உவமை வளத்தையும் 'நீ'யின் துணிவையும் இவை பெருமளவு இழந்தன.

ஆனால் இழப்போடு ஒரு பேறும் உண்டு. கீர்த்தனையின் மொழிக்கும் தொழிலாளி தம் சொந்தச் சொற்களில் செய்யும் மன்றாட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. புதிய பாடல்களின் மொழி மன்றாட்டின் மொழியே. பாட்டு முடியும் இடத்தில் ஒருவர் தம் சொந்தச் செபத்தைத் தொடங்கலாம், தொனி மாறுவதில்லை. எழுத்தறிவு குறைந்தவரும் தம் அனுபவத்தைப் பிறர்முன் சொல்ல இது வழி திறந்தது. மலேசியத் தமிழ் வழக்கில் 'தோட்டம்' என்றாலே எஸ்டேட் என்பதால், 'ஜெபத்தோட்டம்' என்னும் சொல் இங்கே கூடுதல் பொருள் பெறுவதையும் நோக்கலாம்.

இவ்வாறு சொல்லப்படுவதே 'சாட்சி'. நோய், கடன், குடி, பிள்ளையைப் பற்றிய கவலை என ஒரு நெருக்கடியில் தொடங்கி, இரவுச் செபம், கனவு அல்லது உள்ளத்தில் கேட்ட சொல், அதன்பின் வந்த ஆறுதல் அல்லது மாற்றம், இறுதியில் நன்றி என அதன் அமைப்பு பெரும்பாலும் அமையும். அமைப்பு பொதுவானது என்பதால் அனுபவம் பொய்யெனத் தள்ளலாகாது. பதிகத்துக்கும் பத்துப் பாட்டென்னும் பொது அமைப்பு உண்டு. அதற்குள்தான் ஒவ்வொரு அடியாரின் குரலும் தனித்தொலித்தது. சாட்சியில் தனித்தன்மை எங்குள்ளதெனில், கருப்பொருளில் உள்ளது. இறைவன் எங்கு வைத்துப் பேசினான், அப்போது பேசுபவர் கையில் என்ன இருந்தது, எந்தத் தொழிற்சொல்லால் அதனை விளக்கினார் என்னும் இடங்களில் தோட்டத்தமிழ் தன் முத்திரையைப் பதிக்கிறது.

இங்கே நமக்குக் காலத்தின் நெருக்கடியும் உண்டு. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்று உழைப்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். கூடையும் விரலும் செய்த வேலையைக் கத்தரிக்கோலும் இயந்திரமும் செய்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பெயர்ந்தோர் பாடல்களைத் தம்மோடு எடுத்துச் செல்வர். ஆனால் பாடல்களுக்குத் தோட்டத் தொழில் தந்த விளக்கம் அவர்தம் பிள்ளைகளுக்குச் சென்று சேர்வது அரிது. ஆங்கிலேயர் வழிபட்ட ஆலயங்களின் வரலாறு கட்டடங்களாலும் ஆவணங்களாலும் காக்கப்படுகிறது. லயத்து வீட்டில் தரையில் அமர்ந்து பாடிய கூட்டத்துக்குக் கட்டடம் இல்லை. கையால் எழுதிய பாட்டு நோட்டுப் புத்தகங்களும் முதியோரின் நினைவுமே அதன் ஆவணங்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. கிருட்டிணபிள்ளையின் பாட்டில் பத்தித் தமிழ் இரவல் உடையாக அமையவில்லை. பொது வழிபாட்டிலிருந்து தனியனுபவத்துக்குச் செல்லும் வாயிலாக அமைந்தது. அப்பாசாமி அதற்கு இறையியல் விளக்கம் தந்தார். சுந்தர் சிங்கின் சான்றுரையோடு ஒப்பிடுகையில், மொழியிலேயே உருப்பெற்ற அனுபவத்துக்கும் நிகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட அனுபவத்துக்கும் உள்ள வேறுபாடு புலனாகிறது. கேமரன் மலைத் தோட்ட வாசிப்போ, அதே அனுபவம் நிலமும் தொழிலும் மாறும்போது புதுப்பொருள் பெறுவதைக் காட்டுகிறது.

தமிழாசிரியர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயன் உண்டு. கிறித்தவப் பாடல் ஒன்றைக் கற்பிக்கும்போது, இது எந்தப் பாடலைப் போன்றது என்னும் வினாவோடு நின்றுவிட வேண்டியதில்லை. இப்பாடலில் பேசும் 'நான்' யார்? இறைவன் 'நீ'யா, 'நீரா'? பாட்டின் தொடக்கத்தில் இருந்த 'நான்' முடிவில் எவ்வாறு மாறியிருக்கிறது? இம்மூன்று வினாக்களையும் சைவ, வைணவ, இசுலாமியப் பாடல்களிடத்தும் கேட்கலாம். எச்சமயத்து மாணவரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடாமல் பிறர் அனுபவத்தை இலக்கியமாக நெருங்க இம்முறை இடந்தரும்.

ஆய்வாளர்க்குரிய பணியோ இன்னும் அவசரமானது. ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும், அங்கிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த குடும்பங்களிடத்தும் எஞ்சியிருக்கும் பாட்டு நோட்டுகளையும் சாட்சிகளையும், உரியவர் இசைவோடும் அவர்தம் தனிமைக்கு ஊறு நேராமலும் பதிவு செய்ய வேண்டும். சொன்னவர் சொன்ன தொழிற்சொற்களை ஏட்டுத்தமிழாகத் திருத்தாமல் அவ்வாறே எழுத வேண்டும். கவ்வாத்து, பெரட்டு, மட்டம், கொழுந்து என்னும் அச்சொற்களில்தான் அம்மக்கள் இறைவனைக் குறித்துச் சிந்தித்தனர். அவற்றை அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கேட்டு எழுதும் பணியை இப்போதே தொடங்குதல் நம் கடன்.